மோகரா, காஸ்வேயா? ஊரிலிருந்து வருபவர்களை எங்கே கூட்டிப்போவது

கோடை தொடங்கினால் அயர்லாந்தில் இருக்கிற நம்மவர்கள் வீடுகளில் ஒரே கேள்விதான். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். கையில் இருப்பது ஒரு நீண்ட வார இறுதி. மேற்கே மோகர் பாறைகளுக்குப் போவதா, வடக்கே ஜயன்ட்ஸ் காஸ்வேக்குப் போவதா? டப்ளினிலிருந்து இரண்டுமே ஏறத்தாழ 265 கிலோமீட்டர். காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். ஆக, தூரம் உதவாது. படத்தைப் பார்த்து முடிவெடுக்கவும் முடியாது, இரண்டும் படத்தில் அழகுதான். என்னைக் கேட்டால் முதலில் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் மேசைமேல் வைக்கச் சொல்வேன்.

காரணம், காஸ்வே இருப்பது வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில். அது பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. எம்1 நெடுஞ்சாலையில் எல்லையைத் தாண்டும்போது சாவடி இல்லை, தடுப்பு இல்லை; வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், அவ்வளவுதான். ஆனால் சட்டப்படி இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே பிரிட்டன் விசா வேண்டும். இங்கேதான் வேடிக்கை. சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்கு வழி இருக்கிறது: பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் பொது விசாத் திட்டம் 2015 முதல் இந்தியர்களுக்கும் உண்டு. அயர்லாந்துக் குறுகிய கால விசாவில் இந்தத் திட்டத்தின் சுருக்கப் பெயரான ‘பி.ஐ.வி.எஸ்.’ என்று பதிந்திருந்தால், முதலில் அயர்லாந்தில் இறங்கிவிட்டு, தங்க அனுமதித்த காலத்துக்குள் வடக்கேயும் போய் வரலாம். இங்கே வேலை பார்த்து, வரி கட்டி, ஐ.ஆர்.பி. என்ற குடியிருப்பு அனுமதி அட்டை வைத்திருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அந்தச் சலுகை இல்லை! அவர்கள் தனியாகப் பிரிட்டன் விசா எடுக்க வேண்டும். அப்பா அம்மா போகலாம், கூட்டிப்போகிற பிள்ளை போகக் கூடாது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சிலர் போய்விட்டு வருகிறார்கள். எல்லை தாண்டும் பேருந்தை எப்போதாவது நிறுத்திக் காகிதம் கேட்பது உண்டு. அந்த நாள் நம் நாளாக இருந்தால், பிற்பாடு குடியுரிமை விண்ணப்பம் வரை அந்தத் தலைவலி தொடரலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தத் திட்டம் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் மட்டும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இலங்கைப் பாஸ்போர்ட்டில் வரும் சித்திக்கு இது பொருந்தாது. லண்டனிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வரும் மாமா குடும்பத்துக்கோ கேள்வியே இல்லை. நேரே பெல்ஃபாஸ்ட்டில் இறங்கினால்கூடச் சரிதான்.

சரி, காகிதம் எல்லாருக்கும் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இனி இடத்தைப் பார்ப்போம்.

மோகர், கிளேர் மாவட்டத்தில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர். மிக உயரமான இடத்தில் 214 மீட்டர். அதன் பக்கத்தில் 1835-இல் கார்னீலியஸ் ஓப்ரையன் என்ற நிலக்கிழார் கட்டிய சிறு கோபுரம். வெயில் அடிக்கிற நாளில் அங்கே நின்றால் பேச்சு வராது. அரான் தீவுகள் எதிரே தெரியும், ஏப்ரல் முதல் ஜூலை வரை பஃபின் பறவைகள் பாறை இடுக்குகளில் இருக்கும். மூடுபனி இறங்கிய நாளில்? வெள்ளைச் சுவர். கடலின் இரைச்சல் மட்டும் கேட்கும். நுழைவுக் கட்டணம் கட்டி, சாரலில் நனைந்து நிற்கும் அப்பா “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று கேட்டால் அவர் மேல் தப்பில்லை.

காஸ்வேயில் அந்தப் பயம் குறைவு. அங்கே பார்க்க வேண்டியது தூரத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. ஐந்து, ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது வெடித்து உருவான பசால்ட் தூண்கள், ஏறத்தாழ 40,000. பெரும்பாலும் அறுகோணம். மழை பெய்தாலும் பனி மூடினாலும் கல் கல்லாகவே இருக்கும், தொட்டுப் பார்க்கலாம், உட்காரலாம். கூடவே ஒரு கதையும் உண்டு: ஃபின் மக்கூல் என்ற அயர்லாந்து அரக்கன், ஸ்காட்லாந்து அரக்கனோடு சண்டை போடக் கடலில் போட்ட பாதையாம் இது. எதிராளி தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்ததும் ஃபின் வீட்டுக்கு ஓடிவர, அவன் மனைவி அவனுக்குக் குழந்தை வேஷம் போட்டுத் தொட்டிலில் படுக்கவைத்தாள். குழந்தையே இந்த அளவு என்றால் தகப்பன் எப்படி இருப்பான் என்று ஸ்காட்லாந்துக்காரன் ஓடியே போனான். அக்கரையில் ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதே மாதிரித் தூண்கள் இருப்பதால் கதைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. சேதுவின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும்.

முழங்கால் விஷயத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். மோகரில் பார்வையாளர் மையத்திலிருந்து முதல் பார்வைத் தளம் வரை நல்ல பாதை. கோபுரப் பக்கம் ஏற்றம். காற்றுதான் எதிரி. குடையைக் காரிலேயே விடுங்கள். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும், புடவைக்கு மேலேயும் அது நிற்கும். காஸ்வேயில் மையத்திலிருந்து கற்கள் வரை ஒரு கிலோமீட்டர் இறக்கம், சிறு கட்டணத்தில் சிற்றுந்து விடுகிறார்கள். ஆனால் கற்கள் ஈரமானால் வழுக்கும், சமமாகவும் இராது. செருப்பு வேண்டவே வேண்டாம்.

செலவில் காஸ்வேக்கு ஒரு சின்ன ஆதாயம்: கற்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. காசு வாங்குவது மையத்துக்கும் வண்டி நிறுத்தத்துக்கும்தான். அது அதிகமாகத் தெரிந்தால் நடந்தே இறங்கிவிடலாம். மோகரில் கட்டணம் முன்பதிவில் குறையும். முன்பதிவு செய்த நாளில் பனி மூடினால் அது உங்கள் பாடு.

எப்படிப் போவது? டப்ளினிலிருந்து இரண்டுக்கும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் உண்டு. காலை ஏழு மணி போல ஏறினால் இரவு ஏழு, எட்டாகும் திரும்ப. அறுபது தாண்டியவர்களுக்கு இது கொஞ்சம் கொடுமை. சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் சைவம் என்றால் பெரும்பாலும் சூப்பும் ரொட்டியும்தான். சூப்பில் கோழிச்சாறு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். புளியோதரையும் ஃபிளாஸ்க் காப்பியும் எடுத்துப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வடக்கே ரயிலும் கைகொடுக்கும். டப்ளின் கொனொலியிலிருந்து பெல்ஃபாஸ்ட் இரண்டு மணி நேரச் சொச்சம். 2024-இல் புது நிலையமும் மணிக்கொரு வண்டியும் வந்துவிட்டதால் முன்பைவிட எளிது. அங்கே ஓரிரவு தங்கி, மறுநாள் கடற்கரைச் சாலையில் காரிக்-அ-ரீட் கயிற்றுப் பாலத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். 1755-இல் சால்மன் மீனவர்கள் முதலில் கட்டியதாம். கடலுக்கு 30 மீட்டர் மேலே ஆடும், அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

மோகருக்குக் கார்தான் சரி. இங்கேயும் இடப்பக்கமே ஓட்டுவது என்பதால் ஊர்ப் பழக்கம் உதவும். ஆனால் மோகருக்குப் பக்கத்து ஊரான டூலின் பக்கம் சாலைகள் ஒடுக்கம், இருபுறமும் கல்வேலி, எதிரே டிராக்டர். காரை வாடகைக்கு எடுத்து வடக்கே போவதாக இருந்தால் கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எல்லை தாண்டக் கூடுதல் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. மோகரின் பெரிய பலம் அக்கம்பக்கம்தான். பக்கத்திலேயே பரன்: சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை வெளி, இடுக்குகளில் காட்டுப்பூக்கள், நடுவே ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட போல்னப்ரோன் கல்திட்டை. டூலினிலோ லிஸ்டூன்வார்னாவிலோ ஓரிரவு தங்கினால், ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். மாலை பனி மூடினாலும் காலையில் மறுபடி போய்ப் பார்க்க ஒரு வாய்ப்பு மிச்சம். மோகரை ஒரே நாளில் போட்டுத் திரும்புவதை நான் எதிர்ப்பதற்கு இது ஒன்றே போதும்.

தென்மேற்கே இருக்கும் கெரி மாவட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். ரிங் ஆஃப் கெரி 179 கிலோமீட்டர் வளையம். கில்லார்னியில் இரண்டு இரவு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வளைவுச் சாலையில் வாந்தி எடுப்பவர் கூட வந்தால் வளையத்தை விட்டுவிட்டு, கில்லார்னி தேசியப் பூங்காவில் குதிரை வண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வந்த முதல் வாரத்தில் இவை எதுவுமே வேண்டாம். உடம்பு நேரத்துக்குப் பழகும் வரை டப்ளினின் டார்ட் புறநகர் ரயிலில் அரை மணி நேரத்தில் ஹௌத் என்ற கடற்கரை ஊருக்குப் போய்த் துறைமுகத்தில் சீல்களைக் காட்டுங்கள். இன்னொரு நாள் விக்லோ மலையில் கிளென்டலோக்: ஆறாம் நூற்றாண்டில் புனித கெவின் தொடங்கிய மடம், 30 மீட்டர் வட்டக் கோபுரம், இரண்டு ஏரிகள். ஏரிக்கரை சமதளம் என்பதால் பெரியவர்கள் நிதானமாக நடக்கலாம். என் வீட்டுக்கு வந்தவர்களில் பலருக்கு மோகரைவிட இதுவே பிடித்தது.

ஆக என் கணக்கு இப்படி. வீட்டில் எல்லார் விசாவும் இடம் கொடுத்தால், வயதானவர்களோடு காஸ்வே, பெல்ஃபாஸ்ட் வழியாக ரயிலில், ஓரிரவு தங்கி. பிள்ளைக்கு விசா இல்லையென்றால் மோகர், அதுவும் ஓரிரவு தங்கி. லண்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும் கல்லூரி நண்பர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மோகர்தான். மூடுபனி மூடினாலும் அவர்கள் டூலினில் ஒரு பப்பில் உட்கார்ந்து ஃபிடில் கேட்டுக்கொண்டு இருந்துவிடுவார்கள்.