மெல்க்குக்கு அப்புறம் எந்தக் கரை? டானூப் சைக்கிள் பயணத்தோட கடைசி நாலு நாள்

ஆஸ்திரியாவுல இருக்கிற மெல்க் வரைக்கும் நாங்க நாலு பேரும் ஒத்துமையாத்தான் வந்தோம். ஜெர்மனி எல்லை ஊரான பாஸாவ்ல கிளம்பி ஆறு நாள், 200 கிலோமீட்டருக்கு மேல, டானூப் ஆறு போற பக்கம் நாமளும் போறோம்ங்கிறதைத் தவிர வேற பிளானே கிடையாது. மெல்க் கேம்ப்சைட்ல டென்ட் அடிச்சுட்டு சேமியா உப்புமா கிண்டிட்டு இருக்கும்போதுதான் மச்சான் ஆரம்பிச்சான், "இன்னும் நாலு நாள் லீவு இருக்கு, வியன்னா 120 கிலோமீட்டர்கூட இல்ல, பேசாம ஸ்லோவாக்கியா தலைநகர் பிராட்டிஸ்லாவா வரைக்கும் அடிச்சுருவோமே"ன்னு. அவன் பொண்டாட்டி, நான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன், "எனக்கு ஒரே ஒரு ராத்திரி மெத்தையில படுக்கணும், அது எந்த ஊரா இருந்தாலும் சரி"ன்னு சொல்லிட்டா. லண்டன்லேருந்து வந்து சேர்ந்த அண்ணன் ஒண்ணும் பேசல, முட்டியில தைலம் தேச்சுட்டு இருந்தார். "அண்ணே முட்டி எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "இருக்குடா, அதான் பிரச்சனையே"ங்கிறார்.

அன்னிக்கு ராத்திரி ஹெட்லாம்ப் வெளிச்சத்துல மேப்பை விரிச்சு வச்சு நடந்த சண்டையைத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுறேன், ஏன்னா இந்த ரூட்ல ஆரம்பத்துல யோசிக்க எதுவும் இல்ல, எல்லா முடிவும் கடைசியிலதான் வருது, அதுவும் எல்லாருக்கும் உடம்பு நொந்து, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்து சலிச்சுப் போன நேரமாப் பார்த்து வருது.

முதல் சண்டை, வாகாவ் பள்ளத்தாக்குல வடகரையா தென்கரையா. மெல்க்லேருந்து கிரெம்ஸ் வரைக்கும் 35 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா மொத்த ட்ரிப்புலயும் கண்ணுக்கு விருந்து இதுதான், 2000லயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. வடகரையிலதான் ஊருங்க எல்லாம் இருக்கு: வில்லென்டார்ஃப், ஷ்பிட்ஸ், வைஸன்கிர்ஹன், டுர்ன்ஸ்டைன், வரிசையா. திராட்சைத் தோட்டம் மலைமேல படி படியா ஏறுது, கீழ அப்ரிகாட் மரம். அதை அங்க மரில்லன்னு சொல்றாங்க, ஜூலையில போனீங்கன்னா ரோட்டோரமா கூடையில வச்சு விக்கிறாங்க, நாங்க சரியா அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். குறைன்னு பார்த்தா கூட்டம்தான். டுர்ன்ஸ்டைனுக்குள்ள கல்லு பாவின குறுகலான தெருவுல, கப்பல்லேருந்து இறங்கின டூரிஸ்ட் கும்பலுக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் பேனியர் பேக் தொங்குற சைக்கிளைத் தள்ளிட்டுப் போறது இருக்கே, நம்ம ஊர் சந்தைக்குள்ள மாட்டு வண்டி ஓட்டுற மாதிரிதான்.

தென்கரை அப்படி இல்ல. அமைதி. பழத்தோட்டம், சின்னச் சின்ன கிராமம், எதிர்க்கரையில இருக்கிற அழகு மொத்தமும் தூரத்துலேருந்து முழுசாத் தெரியும். டுர்ன்ஸ்டைன் மடத்துக் கோயிலோட நீலக் கோபுரத்தை ஊருக்குள்ள நின்னு பார்த்தா கழுத்துதான் வலிக்கும், எதிர்க்கரை ரோஸாட்ஸ்லேருந்து பார்த்தா கோபுரம், மேல இடிஞ்ச கோட்டை, கீழ ஆறு, மூணும் ஒரே சட்டத்துக்குள்ள வந்துரும். அந்தக் கோட்டையிலதான் சிலுவைப் போர் முடிச்சுட்டு வந்த இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை 1192 கடைசியில பிடிச்சு அடைச்சு வச்சாங்க. "நம்மளையும் பிடிச்சு வச்சா நல்லா இருக்கும், படுத்துத் தூங்கலாம்"னு தங்கச்சி.

ரெண்டுல எதுன்னு கேட்டா, நான் ரெண்டையும் பாதிப் பாதியாச் சொல்லுவேன். மெல்க்ல பாலம் தாண்டி வடகரைக்குப் போய், ஷ்பிட்ஸ் வரைக்கும் ஓட்டி, அங்க கயித்துப் படகுல தென்கரைக்கு வந்துருங்க. அந்தப் படகுக்காகவே போகலாம், அதுல மோட்டாரே கிடையாது. ஆத்துக்குக் குறுக்கே உசரத்துல ஒரு கம்பி கட்டியிருக்கு, படகு அதுல தொங்குது, ஓட்டுறவர் சுக்கானைக் கொஞ்சம் சாய்ச்சா ஆத்தோட இழுப்பே படகைத் தள்ளிக்கிட்டு எதிர்க்கரையில கொண்டுபோய் விட்டுருது. சத்தமே இல்ல. மச்சான் மட்டும் வில்லென்டார்ஃப்ல வண்டிய நிறுத்தி, 1908ல ரயில் பாதை போட மண்ணைத் தோண்டும்போது கிடைச்ச, வில்லென்டார்ஃப் வீனஸ்னு சொல்ற அந்த 11 சென்டிமீட்டர் கற்காலக் கல்லு பொம்மையைப் பார்த்தே ஆகணும்னு நின்னான், அங்க இருக்கிறது பெரிய சைஸ் நகல், அசல் வியன்னா மியூசியத்துல இருக்குன்னு தெரிஞ்சதும் மூஞ்சி தொங்கிருச்சு.

ஆனா அன்னிக்கு ஜெயிச்சது அண்ணன்தான். மூணாவதா ஒரு வழி இருக்குன்னு எங்களுக்குத் தோணவே இல்ல, அவர் காலையில எழுந்து மெல்க் படகுத்துறைக்குப் போய் சைக்கிளோட கப்பல்ல ஏறிட்டார். டுர்ன்ஸ்டைன்ல இறங்கி, அங்கேருந்து ஆள் போற சின்னப் படகுல ரோஸாட்ஸ் பக்கம் வந்து, நாங்க வேர்த்து விறுவிறுத்து கேம்ப்சைட்டுக்குப் போனப்போ ஆத்தங்கரை நிழல்ல கால் நீட்டி ராட்லர் குடிச்சிட்டு இருக்கார். ராட்லர்னா பீர் பாதி லெமனேட் பாதி, அந்த வார்த்தைக்கே சைக்கிள் ஓட்டுறவன்னுதான் அர்த்தம், அதனால அதைக் குடிக்கிற தகுதி எங்களுக்குத்தான்னு மச்சான் சண்டைக்குப் போயிட்டான். ரெண்டு கரையையும் ஒரே நேரத்துல பார்த்தது அவர் ஒருத்தர்தான்.

அங்கதான் எனக்கு உறைச்சுது. கடைசி நாள்ல ரூட்டை அழகு, தூரம், மேடு பள்ளம்னு வச்சு ஒப்பிடுறது தப்பு. ஒருத்தருக்கு முடியலன்னா எங்க இறங்கிக்கலாம்ங்கிறதை வச்சு ஒப்பிடணும். அதுக்கு மேல சண்டையே வரலன்னு சொல்ல மாட்டேன், ஆனா சண்டையைச் சீக்கிரம் முடிக்க முடிஞ்சுது.

கிரெம்ஸ்லேருந்து வியன்னாவுக்கு அதை வச்சுப் பார்த்தா பதில் சுலபம். கிரெம்ஸ்ல ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, வியன்னா. ஓட்டினா 80 கிலோமீட்டர் பக்கம், சுத்தச் சமவெளி, திராட்சை மலை எல்லாம் முடிஞ்சு அணைக்கட்டும் வயலும்தான். நிறைய பேர் இங்க ரயில் ஏறிடுறாங்க, அவங்களைத் தப்பும் சொல்ல முடியாது. நான் ஓட்டச் சொல்றதுக்குக் காரணம் ட்ஸ்வென்டன்டார்ஃப். தென்கரையில ஆத்தை ஒட்டி ஒரு அணு மின்நிலையம் நிக்குது, முழுசாக் கட்டி முடிச்சது, ஒரு நாள்கூட ஓடினது இல்ல. 1978 நவம்பர் 5ஆம் தேதி நாடு முழுக்க ஓட்டெடுப்பு வச்சாங்க, 50.47 சதவீதம் பேர் வேணாம்னு சொல்லிட்டாங்க, அவ்வளவுதான், அப்படியே பூட்டிட்டாங்க. மயிரிழை வித்தியாசம். சைக்கிள் பாதை அதை ஒட்டியே போகுது, அந்தப் பெரிய சாம்பல் கலர் பெட்டி பக்கத்துல உக்காந்து ரொட்டியும் சீஸும் தின்னது இந்த ட்ரிப்புல எனக்கு மறக்காத சாப்பாடு. (ரொட்டி ஏன்னா அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஆஸ்திரியாவுல ஞாயிறு சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிருவாங்க, சனிக்கிழமையே வாங்கி பேக்ல போட்டுக்கங்க, கடைசி நாள் மிதப்புல இதை மறந்துட்டு பட்டினி கிடக்காதீங்க.) முட்டி வலிச்சா டுல்ன்ல ரயில் இருக்கு, க்ளோஸ்டர்நாய்பர்க்ல உள்ளூர் ரயில் இருக்கு, எங்க வேணா கழண்டுக்கலாம். மேக்காத்து அடிச்சா பின்னாடி தள்ளிவிடும், அது இன்னொரு லாபம். அண்ணன் டுல்ன் வரைக்கும் மிதிச்சார், அடுத்த நாள் வியன்னாவுக்கு ரயில்ல போய் எங்களுக்கு முன்னாடி டென்ட் அடிச்சு வச்சுட்டார்.

டென்டா ரூமாங்கிறதுல ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. காட்டுக்குள்ள சும்மா டென்ட் போடுற கதை ஆஸ்திரியாவுல வேணாம், நிலத்துக்காரர் சம்மதம் இல்லாம காட்டுல கேம்ப் போட வனச் சட்டமே விடாது. கேம்ப்சைட் ஆத்தோரம் பூரா இருக்கு, அதனால தேவையும் இல்ல. நான் சொல்றது, கடைசிக்கு முந்தின ராத்திரி ரூம் எடுங்க, கடைசி ராத்திரி இல்ல. கடைசி ராத்திரி எப்படியும் பேக்கிங், அலாரம்னு தூக்கம் போயிரும், மெத்தைக்குக் கொடுத்த காசு வீண். நாங்க இதை மாத்திச் செஞ்சோம், தங்கச்சி இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா.

இப்ப பெரிய சண்டை, வியன்னாவோட முடிக்கிறதா, பிராட்டிஸ்லாவா வரைக்கும் போறதா.

வியன்னாவோட முடிச்சா நிம்மதி. நகரத்துக்குள்ள நுழையறதே அழகா இருக்கும், நுஸ்டார்ஃப் தாண்டி டானூப் கால்வாயை ஒட்டியே போனா ரெண்டு பக்கமும் சுவர் ஓவியம், ட்ராஃபிக்ல ஒரு இடத்துலயும் மாட்டாம நடு ஊர்ல கொண்டுபோய் விட்டுரும். இல்ல நேரா கேம்ப்சைட்டுக்குன்னா டானூப் தீவு வழியாப் போகலாம், வெள்ளம் வந்தா தண்ணியைப் பிரிச்சு விட 1972லேருந்து 1988 வரைக்கும் வெட்டின வாய்க்கால்ல தோண்டின மண்ணைக் கொட்டியே அந்தத் தீவை உண்டாக்கினாங்க, 21 கிலோமீட்டர் நீளம், ஜனங்க துண்டை விரிச்சுப் படுத்திருக்காங்க. மியூசியம் பார்க்கலாம், சட்டை துணி துவைக்கலாம், ஹாய்ரிகர்னு சொல்ற ஒயின் கடை ஒண்ணுல போய் புது ஒயின் குடிக்கலாம்.

பிராட்டிஸ்லாவா இன்னொரு 65 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். நேர்மையாச் சொல்றேன், பாதை போர் அடிக்கும். வியன்னா ஓரத்துல இருக்கிற லோபாவ் காட்டைத் தாண்டினதும் வெள்ளத் தடுப்புக் கரை மேல ஏத்தி விட்டுருவாங்க, அப்புறம் கோடு கிழிச்ச மாதிரி நேரா, கிலோமீட்டர் கிலோமீட்டரா ஒரு வளைவுகூடக் கிடையாது, நிழல் கிடையாது, நின்னா கொசு. மச்சானும் நானும் மட்டும்தான் போனோம், ஒரு மணி நேரம் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கல. என் கணக்குப்படி பார்த்தா இதுதான் மோசமான துண்டு, ஏன்னா எல்லைக்கு முன்னாடி இருக்கிற ஹைன்பர்க் ஊர் பக்கத்துப் பாலம் வர்ற வரைக்கும் இறங்கிக்க சுலபமான வழி இல்ல, நடுவுல ஓர்த்ல எதிர்க்கரைக்கு ஒரு சின்னப் படகு உண்டு, அவ்வளவுதான். தென்கரையில ரயில் இருக்கு, கார்னுன்டும்ங்கிற பழைய ரோமானிய ஊரும் இருக்கு, மார்க்கஸ் அவுரேலியஸ் பாளையம் போட்டிருந்த இடம், ஆனா அந்தப் பக்கம் வியன்னாவை விட்டு வெளிய வர்றதுக்குள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ஏர்போர்ட்டுன்னு எல்லாத்தையும் சுத்திக்கிட்டு வரணும். முட்டி வலி கேஸ் கூட இருந்தா தென்கரை, இல்லன்னா வடகரை.

ஆனா போர்னு சொன்ன அந்தக் கரைக்குப் பக்கத்துல இருக்கிற காட்டைச் சும்மா விட்டுட முடியாது. ஆஸ்திரியாவுல டானூப் அணைக்கு நடுவுல மாட்டாம தன் இஷ்டத்துக்கு ஓடுறது ரெண்டே இடத்துலதான், ஒண்ணு வாகாவ், இன்னொண்ணு இது. இங்கயும் அணை கட்டத்தான் வந்தாங்க, 1984 டிசம்பர் குளிர்ல ஆயிரக்கணக்கான பேர் ஹைன்பர்க் காட்டுக்குள்ள போய் உக்காந்துட்டாங்க, திட்டம் நின்னுபோச்சு, 1996ல அது தேசியப் பூங்கா ஆயிருச்சு. நாங்க கேம்ப்சைட்டுக்குக் காசு கொடுத்து ஒழுங்கா டென்ட் போட்ட அதே நாட்டுல, சட்டவிரோதமா டென்ட் போட்டே ஒரு காட்டைக் காப்பாத்தியிருக்காங்க பாருங்க.

எல்லையைத் தாண்டுறது தெரியவே தெரியாது, பழைய செக்போஸ்ட் கட்டடம் ஒண்ணு நிக்கும், அவ்வளவுதான். 1989 டிசம்பர்ல எல்லை திறந்ததும் பிராட்டிஸ்லாவா ஜனங்க கூட்டம் கூட்டமா இதே வழியா ஹைன்பர்க்குக்கு நடந்து போனாங்க, நாங்க எதிர்த் திசையில பிஸ்கட் தின்னுக்கிட்டே வந்துட்டோம். பறக்கும் தட்டு உக்காந்த மாதிரி இருக்கிற பாலத்துல, மேல கார் ஓட, கீழ் அடுக்குல சைக்கிளைத் தள்ளிட்டு ஊருக்குள்ள போறப்போ மச்சான் கத்தின கத்தலுக்கு ஒரு பாட்டி கைதட்டுச்சு. சாயங்காலம் ரயில் ஏறினோம், காலையிலேருந்து மிதிச்ச தூரம் ஒரு மணி நேரத்துல வியன்னாவுக்குத் திரும்பிருச்சு, கொஞ்சம் அவமானமாத்தான் இருந்துச்சு. அண்ணனும் தங்கச்சியும் அதுக்குள்ள அந்த 11 சென்டிமீட்டர் பொம்மையோட அசலைப் பார்த்துட்டு வந்து மச்சானை வெறுப்பேத்துறாங்க.

எங்களை மாதிரி பக்கத்து நாட்டுலேருந்து வந்திருந்தா வீட்டுக்கு ரயில்தான், ஆனா தூரத்து ரயில்ல சைக்கிளுக்குத் தனியா இடம் ரிசர்வ் பண்ணணும், ஒரு வண்டிக்குச் சில இடம்தான், கோடையில சீக்கிரம் தீந்துரும், அதனால தேதியைப் பாதியில மாத்துறது கஷ்டம். அண்ணன் மாதிரி விமானம்னா அட்டைப்பெட்டி வேணும், சைக்கிள் கடையில கேட்டா பழசைச் சும்மாவே தருவாங்க. கேஸ் கேனை விமானத்துல ஏத்த முடியாது, கேம்ப்சைட் கிச்சன்ல வச்சுட்டு வந்துருங்க, அடுத்து வர்றவன் டீ போட்டுக்குவான். பவர் பேங்க் கைப்பையில. அப்புறம் இடது பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும், இதை முன்னாடியே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். மச்சான் அண்ணனோட பெடலைக் கழட்டுறேன்னு முழு பலத்தையும் போட்டு முறுக்கி இன்னும் நல்லா இறுக்கிட்டான். கடைசியில பெட்டியில ஒரு ஓட்டை போட்டு, அந்தப் பெடல் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு லண்டன் போச்சு.