ரயில் விட்டுச் சென்ற பாதையில் ஏழு ஆண்டுகள்: கிரேட் அலெகெனி பாஸேஜ் மிதிவண்டி அனுபவம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு மிதிவண்டியில் போய்வரலாம் என்று ஆசைப்பட்டு, சரளைப் பாதையிலும் ஓட்டக்கூடிய ஒரு ‘கிராவல்’ மிதிவண்டி வாங்கினேன். பின்னாலிருந்து நெருங்கும் லாரிகளின் இரைச்சல் அந்த ஆசையை இரண்டே வாரத்தில் தீர்த்து வைத்தது. மூலையில் சாய்ந்து கிடந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான், உடன் பணிபுரிந்த ஒருவர் இந்தப் பாதையைச் சொன்னார். அலெகெனியும் மனோங்கஹீலாவும் கூடி ஒஹாயோ ஆறாகும் முனையில், நகரத்தின் நடுவிலேயே தொடங்கி, பென்சில்வேனியாவின் மலைக்காடுகள் வழியாக மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து வரை 240 கிலோமீட்டர் செல்லும் பாதை அது. இடையில் சில ஊர்களின் தெருக்களைக் கடக்க வேண்டியிருக்குமே தவிர, மோட்டார் வாகனங்களுக்கு அதில் இடமில்லை. கட்டணமும் இல்லை. கடந்த ஏழு ஆண்டுகளில் முழுத் தொலைவையும் நான்கு முறை கடந்திருக்கிறேன்; ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான வார இறுதிகளில் துண்டு துண்டாக எத்தனை முறை சென்றேன் என்பதற்குக் கணக்கு வைக்கவில்லை.

பாதையின் இயல்பைப் புரிந்துகொள்ள, அது முன்பு என்னவாக இருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். மலைப்பகுதியின் பெரும்பங்கு வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே நிறுவனம் 1912-இல் திறந்து 1975-இல் கைவிட்ட தடம். கானல்ஸ்வில்லுக்கு வடக்கே இருப்பது பிட்ஸ்பர்க் அண்டு லேக் எரி ரயில்வேயின் பழைய தடம். தண்டவாளங்களை அகற்றி, பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி, ஒஹாயோபைல் அருகே முதல் துண்டு 1986-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து துண்டு துண்டாக வளர்ந்த பாதை பிட்ஸ்பர்க் முனையைத் தொட்டு நிறைவு பெற 2013 வரை ஆயிற்று. நிலக்கரி வண்டிகளை இழுத்துக்கொண்டு ரயில் ஏறிய மலை என்பதால், எங்குமே செங்குத்தான ஏற்றம் கிடையாது. பிட்ஸ்பர்க்கிலிருந்து மலையின் உச்சிப் புள்ளிவரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுக்கு 500 மீட்டர் அளவே உயரம் கூடுகிறது. மறுபுறம் கம்பர்லாந்திலிருந்து ஏறினால் அதே உச்சியை 38 கிலோமீட்டரில் எட்ட வேண்டும். அதுகூட நூறு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் என்ற கணக்கில்தான் ஏறுகிறது.

இவ்வளவு மென்மையான பாதையில் உடலுக்கு என்ன சிரமம் வந்துவிடும் என்று முதல் ஆண்டில் நானும் நினைத்தேன். மலைச்சாலையில் ஏறும்போது எழுந்து நின்று மிதிப்போம், இறங்கும்போது கால்களுக்கு ஓய்வு கொடுப்போம். உடலின் பாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே அதற்கு வாய்ப்பே இல்லை. பிட்ஸ்பர்க் பக்கத்துச் சரிவு எவ்வளவு லேசானது என்றால், இறங்குமுகமாக வரும்போதுகூட மிதிப்பதை நிறுத்தினால் வண்டி சிறிது தூரத்தில் தயங்கி நின்றுவிடும். ஒரே நிலையில் அமர்ந்து, ஒரே வேகத்தில், நாள் முழுவதும் மிதிக்க வேண்டியிருக்கிறது. முதல் முழுப்பயணத்தின் இரண்டாம் நாள் மாலையில் என் தொடைகள் நன்றாகவே இருந்தன. உட்காரும் எலும்புகளும் உள்ளங்கைகளும்தான் எரிந்தன. அதன்பிறகு இருக்கையை மாற்றினேன், கைப்பிடியைச் சற்று உயர்த்தினேன், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை கட்டாயம் இறங்கி நடக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். இந்தப் பாதைக்கு வர நினைப்பவர்கள், விலை உயர்ந்த கியர்களைவிட இருக்கைக்கே முதலில் பணம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து வருவது தரை. காய்ந்த நாளில் இந்தச் சுண்ணாம்புக்கல் பரப்பு நன்கு இறுகி, நம் ஊரில் சாணம் மெழுகிக் காய்ந்த களத்தைப் போலச் சமமாக இருக்கும். சக்கரத்தடியில் மெல்லிய நறநறப்பு மட்டும் கேட்கும். நான் 40 மில்லிமீட்டர் அகல டயர் பயன்படுத்துகிறேன். 35 போதும், அதற்குக் குறைந்தால் மழைக்காலத்தில் தடுமாறும். மழை பெய்த மறுநாள் நிலைமை வேறு. கல்தூள் ஈரத்தோடு குழைந்து, அரைத்த மாவைப் போல வண்டியின் சட்டத்திலும் பிரேக்கிலும் செயினிலும் அப்பிக்கொள்கிறது. நாம் மிதிப்பதில் ஒரு பங்கு அந்தக் குழைவுக்கே போய்விடுகிறது. காய்ந்த பின்பு அந்தத் தூள் செயினை அரத்தைப்போல் அராவும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஈரப்பசை மிகுந்த எண்ணெயைப் போட்டு, தூசியை நானே வரவேற்றுச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மெழுகு வகை உயவுக்கு மாறிய பிறகு, ஒரு பருவம்கூடத் தாங்காத செயின் இப்போது ஒன்றரைப் பருவம் தாங்குகிறது. பெருமழைக்குப் பின் ஒரு நாள் பொறுத்துப் போவது வண்டிக்கும் நல்லது, பாதைக்கும் நல்லது. ஈரத்தில் விழும் டயர் தடங்களைச் சீர்செய்வது உள்ளூர்த் தன்னார்வலர்களின் வேலை. மரம் விழுந்தால் அறுத்து அகற்றுவதும், வடிகாலில் அடைத்த இலைகளை வாருவதும்கூட அவர்களே. ஒரு ஜூன் காலையில் வழியை மறித்துக் கிடந்த மரத்தைச் சுமந்து கடந்தேன்; மாலையில் திரும்பும்போது மரத்தூளின் வாசனை மட்டுமே மிச்சமிருந்தது.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு நான் ஒஹாயோபைல் முதல் கான்ஃப்ளூயன்ஸ் வரையிலான 18 கிலோமீட்டரையே தயங்காமல் பரிந்துரைப்பேன். 1986-இல் திறந்த முதல் துண்டு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. உள்ளூர் மக்கள் சுருக்கமாக ‘யாக்’ என்று அழைக்கும் யாக்கியோகெனி ஆறு ஒருபுறம் பாறைகளில் மோதி இரைந்துகொண்டே வர, மறுபுறம் ஹெம்லாக் மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் அடர்ந்த சரிவு எழும்புகிறது. ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் அந்தப் புதர்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். ஒஹாயோபைலின் உயரமான பாலத்தில் நின்றால் கீழே ரப்பர்ப் படகுகள் சுழல்களில் திணறுவதைக் காணலாம். கான்ஃப்ளூயன்ஸில் காசல்மேன் ஆறும் இன்னொரு ஓடையும் யாக்கில் வந்து கலக்கின்றன. ஊர்ப்பெயருக்குப் பொருளே கூடல் என்பதுதான். பவானி கூடுதுறையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அங்கே இறங்கி நீரில் கால் நனைக்காமல் தாண்டிப் போக இன்றுவரை மனம் வந்ததில்லை.

கான்ஃப்ளூயன்ஸுக்குப் பிறகு பாதை காசல்மேனைத் தொடர்கிறது. கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். வார நாட்களில் ஒரு மணி நேரம் வரை ஒருவரும் எதிர்ப்படாமல் ஓட்டியிருக்கிறேன். 2015-இல் மீண்டும் திறந்த பிங்கர்ட்டன் சுரங்கப்பாதை, ராக்வுட் என்ற ஊர், பின்னர் மையர்ஸ்டேலை நெருங்கும்போது 580 மீட்டர் நீளமுள்ள சாலிஸ்பரி பாலம். ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் ஆற்றையும் நெடுஞ்சாலையையும் பண்ணைகளையும் ஒருசேரக் கடக்கும் அந்தப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளும். பைகள் கட்டிய வண்டியை அங்கே நான் மெதுவாகவே ஓட்டுவேன். எல்லா வாகனங்களும் கீழே, ஒலி மட்டும் மேலே வந்து சேரும் அந்தச் சில நிமிடங்களில், சாலையோரத்தில் அஞ்சி ஓட்டிய நாட்கள் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகின்றன.

உச்சிப் புள்ளி 729 மீட்டர் உயரத்தில், ஒரு சிறிய சாலைப் பாலத்தின் அடியில் இருக்கிறது. ஒரு பக்கம் விழும் மழை ஒஹாயோ வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும், மறுபக்கம் விழுவது பொட்டோமாக் வழியாக அட்லாண்டிக்குக்கும் போகிறது. அங்குள்ள சுவரில் முழுப்பாதையின் உயர வரைபடம் தீட்டப்பட்டிருக்கிறது. பிட்ஸ்பர்க் பக்கம் நீண்டு படுத்த கோடு, கம்பர்லாந்து பக்கம் சட்டென்று இறங்கும் கோடு. அதைப் பார்த்தாலே எந்தத் திசையில் ஓட்டுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, கடைசி 38 கிலோமீட்டரைப் பரிசாகப் பெறுவதையே நான் விரும்புகிறேன். எதிர்த் திசையில் சென்ற ஒரே முறை, உடல் பழகும் முன்பே அந்த ஏற்றத்தில் அரை நாள் கரைந்தது.

உச்சியைத் தாண்டியதும் பிக் சாவேஜ் சுரங்கப்பாதை வருகிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்குகள் உண்டு என்றாலும், ஆகஸ்ட் வெயிலிலும் குளிர் முகத்தில் அறையும். வெளியே வந்ததும் மலை விலகி, மேரிலாந்துப் பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விரியும். சற்றுத் தொலைவில், பென்சில்வேனியாவையும் மேரிலாந்தையும் பிரிக்கும் மேசன்-டிக்சன் எல்லைக்கோடு தரையிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. உறைபனியால் சுரங்கத்தின் உட்புறம் சேதமடையாமலிருக்க, டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதன் கதவுகளை அடைத்துவிடுகிறார்கள். முதல் ஆண்டு இதைப் படிக்காமல் டிசம்பர் கடைசியில் போய், மூடிய கதவின் முன் நின்று, இருட்டும் முன் மையர்ஸ்டேலுக்கு 16 கிலோமீட்டர் திரும்பி ஓட்ட நேர்ந்தது. கீழே வரும் போர்டன் சுரங்கம் சிறியது, ஆனால் அதற்குள் விளக்கே இல்லை. முன்விளக்கு இல்லாமல் யாரும் நுழைய வேண்டாம்.

வெஸ்ட் நியூட்டனை ஒட்டிய வடக்குப் பகுதியைப் பலர் வெறும் சமதளம் என்று விரைந்து கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் முக்கியமான பகுதி. கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசியும் நீர் ஓரிடத்தில் இரும்பால் செங்காவி நிறத்திலும், இன்னோரிடத்தில் அலுமினியத்தால் வெண்மையாகவும் பாறைகளில் படிந்து வழிகிறது. அருகே டார் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தைப் பாதை கடக்கிறது. 1907 டிசம்பர் 19 அன்று நடந்த வெடிப்பில் 239 பேர் அங்கே இறந்தார்கள். ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்களில் பலர். வேலைக்காகக் கடல் கடந்து வந்த ஒருவன் அந்த அறிவிப்புப் பலகையை வேகமாகக் கடந்துவிட முடியாது. நான் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன்.

அமைதியைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். ஆற்றின் மறுகரையில் சரக்கு ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. இரவில் கூடாரத்தில் படுத்திருக்கும்போது அவற்றின் ஊதல் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். லேசான தூக்கம் உள்ளவர்கள் காதடைப்பான் எடுத்துச் செல்வது நல்லது. மான்களைத் தினமும் பார்க்கலாம். கருங்கரடியை ஏழு ஆண்டுகளில் இருமுறை தொலைவில் கண்டேன். எனக்குக் கவலை தருவது உண்ணிதான். பாதையின் நடுவில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, ஓரப் புல்லில் உட்கார்ந்து எழுந்தால் கால்களைத் தடவிப் பார்த்தே ஆக வேண்டும். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் இந்தப் பகுதியில் உண்டு. கானல்ஸ்வில்லுக்கும் ஒஹாயோபைலுக்கும் இடையிலான 27 கிலோமீட்டரில் என் கைபேசிக்கு ஒருபோதும் சிக்னல் கிடைத்ததில்லை. பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கூடுதல் டியூப், போதிய தண்ணீர் ஆகியவை இல்லாமல் அந்தத் துண்டில் இறங்குவது சரியில்லை.

உணவிலும் அதே எச்சரிக்கை தேவை. சிற்றூர்களில் கடைகள் சீக்கிரம் மூடிவிடும், திங்களும் செவ்வாயும் பல இடங்கள் திறப்பதே இல்லை. நானும் என் மனைவியும் முதல் நாளுக்குப் புளிசாதமும் அடுத்த நாட்களுக்கு இட்லிப்பொடி தடவிய சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போகிறோம். சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு தெரியவில்லை. ஒரு விடுதியில் உறுதி செய்த அறை இல்லை என்று கைவிரித்ததால் மழையில் மேலும் 18 கிலோமீட்டர் ஓட்டினோம். அதிலிருந்து முந்தைய நாள் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம்.

கம்பர்லாந்தில் பாதை முடியுமிடத்திலேயே வாஷிங்டன் வரை 297 கிலோமீட்டர் செல்லும் பழைய கால்வாய்க்கரைப் பாதை தொடங்குகிறது. இரண்டும் ஒரே பயணம் என்று எண்ணிப் போனவர்கள் ஏமாறுவார்கள். கால்வாய்க்கரையில் பல பகுதிகள் மண்ணும் வேர்களும் நிறைந்தவை. மழைக்குப் பின் நான் அங்கே நாளுக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. அதற்கு அகலமான டயரும் கூடுதல் நாட்களும் வேண்டும்.

திரும்பி வர, மாலையில் கம்பர்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க்குக்கு ஒரு ரயில் இருக்கிறது. மிதிவண்டிக்கான இடங்கள் மிகச் சிலவே என்பதால், இலைகள் நிறம் மாறும் அக்டோபர் நடுப்பகுதிக்கு நாங்கள் கோடையிலேயே முன்பதிவு செய்கிறோம். ரயில் ஆற்றின் மறுகரை வழியே செல்கிறது. நான்கு நாட்கள் மிதித்த தொலைவைச் சில மணி நேரத்தில் இருட்டில் கடந்து நள்ளிரவை ஒட்டி ஊர் சேர்கிறோம். கான்ஃப்ளூயன்ஸ் வரும்போது இருவரும் விழித்திருந்து, எதிர்க்கரையில் நாங்கள் கூடாரம் போட்ட இடத்தில் யாராவது விளக்கேற்றியிருக்கிறார்களா என்று சன்னல் வழியே பார்ப்போம்.