வழி காட்டும் செயலி: 2,400 ரூபாயும் போனது, ஐஸ்கிரீமும் போனது

நெரிசலில் சிக்காமல் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி என்று யாராவது கடை வாசலில் வந்து நின்றால், கைபேசியை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

திருவொற்றியூரில் சமையல் கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். சொந்தமாக ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி உண்டு. இரண்டு மாதத்துக்கு முன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு தம்பி வந்தான். முதல் மாதம் இலவசம், சரக்கு வண்டிக்கென்றே தனி வழி சொல்லும் என்றான். கைபேசியை வாங்கி அவனே எல்லாவற்றையும் பதிவு செய்தான்; யுபிஐ ரகசிய எண்ணை மட்டும் நான் அழுத்தினேன். எதற்கு என்று அவன் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் ராயபுரத்தில் வரவேற்பு, 400 பேருக்குச் சாப்பாடு. வழக்கமாக டோல்கேட், தண்டையார்பேட்டை என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்தாவது போய்ச் சேர்ந்துவிடுவோம். செயலியோ எண்ணூர் விரைவுச் சாலையைக் காட்டி, 19 நிமிடம் மிச்சம் என்றது.

“அண்ணே, அது துறைமுகத்துக்குப் போகிற டிரைலர்கள் நிற்கிற ரோடு” என்றார் ஓட்டுநர். அவரை அதட்டி அந்த வழியில் போகச் சொன்னவன் நான்தான்.

காசிமேட்டுக்கு முன்பே மாட்டிக்கொண்டோம். முன்னால் கன்டெய்னர், பக்கத்தில் கன்டெய்னர். ஒரு டிரைலர் ஓட்டுநர் கீழே இறங்கி, ஸ்டவ்வைப் பற்றவைத்து அரிசி களைந்துகொண்டிருந்தார். உலை வைக்கும் அளவுக்கு அவருக்கு அவகாசம் இருக்கிறது என்றால் நாங்கள் எப்போது நகர்வது? கைபேசியில் அந்தச் சாலை பச்சை நிறத்தில் இருந்தது.

இந்த மாதிரிச் செயலிகள் நெரிசலைக் கண்ணால் பார்ப்பதில்லை. சாலையில் நகரும் கைபேசிகளின் வேகத்தையும் முந்தைய நாட்களின் கணக்கையும் வைத்துத்தான் ஊகிக்கின்றன. 2020-இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 கைபேசிகளைச் சிறு தள்ளுவண்டியில் போட்டு இழுத்துப்போய், காலித் தெருவை வரைபடத்தில் சிவப்பாக்கிக் காட்டினார். எங்களுக்கு நடந்தது அதன் தலைகீழ். கன்டெய்னர் இடுக்கில் பைக்குகள் புகுந்து போய்க்கொண்டே இருந்தன; அந்த வேகத்தை என் வண்டியின் கணக்கில் எழுதிவிட்டதோ என்னவோ.

ஒன்றே முக்கால் மணி நேரம். சாம்பார் அண்டாவுக்கு வேடு கட்டியிருந்ததால் தப்பித்தது. ஐஸ்கிரீம் கப் ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பில் பால், சாய்த்தால் ஊற்றலாம். பெண் வீட்டார் 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

ஆத்திரத்தில் அன்றிரவே செயலியை அழித்தேன். விஷயம் அங்கேயும் முடியவில்லை. மாதம் முடிந்த மறுநாள் காலை, கணக்கிலிருந்து ஓராண்டுச் சந்தாவாக 2,400 ரூபாய் போயிருந்தது. நிறுவனத்துக்கு எழுதினால் இயந்திரம்தான் பதில் போடுகிறது: பயண நேரம் கணிப்பு மட்டுமே, கட்டணம் திரும்பாது. தம்பியின் எண் அணைந்தே கிடக்கிறது.

உங்கள் கடையிலும் இப்படி ஒரு தம்பி பதிவு செய்துவிட்டுப் போயிருந்தால், இன்றே யுபிஐ செயலியில் ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி தரும் பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

இப்போது வண்டி ஓட்டுநர் சொல்கிற வழியில் போகிறது. டோல்கேட் வந்ததும் அவர் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.