நம்ம ஊர் ரோட்டுக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? மூன்று பைக்குகளோடு பல வருட அனுபவம்

பைக் வாங்கப் போகும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சிசி எடுக்கலாங்ணா?" என்றுதான். எங்கள் வீட்டில் மூன்று பைக் நிற்கின்றன. அப்பா தோட்டத்துக்குப் போகும் ஸ்பிளெண்டர், 97.2 சிசி, சுமார் 8 குதிரைத்திறன். நான் அன்றாடம் எடுக்கும் கிளாசிக் 350, 20.2 குதிரைத்திறன். அப்புறம் 373 சிசி டியூக் 390, 43 சொச்சம். மூன்றையும் ஒரே சாலைகளில், ஒரே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டியதில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்க மிகக் கொஞ்சம் சக்தி போதும். நாம் காசு கொடுத்து வாங்குவது அதற்கு மேல் மிச்சமிருக்கும் சக்தியைத்தான். அந்த மிச்சத்துக்கும் ஓர் அளவு உண்டு.

எனக்கு வேலை திருப்பூரில். நூல், துணி விஷயமாகப் பல்லடம், சோமனூர், கோவை என்று வாரம் முழுக்க அலைச்சல். மாமனார் வீடு உடுமலைப் பக்கம். லீவு கிடைத்தால் வால்பாறை, கோத்தகிரி, திம்பம். நான் சொல்வதெல்லாம் இந்தச் சாலைகளை வைத்துத்தான்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சமதரையில் பைக்கைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். நிமிர்ந்து உட்காரும் பைக்கில் ஒரு சராசரி ஆள் 80 கி.மீ. வேகத்தில் போகச் சக்கரத்தில் ஏறக்குறைய 7 குதிரைத்திறன் போதும். 100க்கு 12 ஆகும். 120க்கு 20ஐ நெருங்கிவிடும். 160 என்றால் 40க்கு மேல் போய்விடும். ஸ்பிளெண்டர் 80ஐத் தொட்டதும் மூச்சு முட்டுவதும், கிளாசிக் 110 தாண்டினால் தயங்குவதும் இதனால்தான். இன்ஜின் எங்கேயும் குறை வைக்கவில்லை, காற்று கேட்கும் விலை அவ்வளவு.

சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி இரு சக்கர வண்டிக்கு நான்கு வழிச்சாலையில் உச்ச வேகம் 80 கி.மீ., மற்ற சாலைகளில் 60. அப்படியானால் ஸ்பிளெண்டரே போதுமே என்று தோன்றும். தனியாக, சமதரையில், காற்றில்லாத நாளில் உண்மையிலேயே போதும். எங்கப்பாவுக்கு இன்றுவரை அதுவே போதுமாக இருக்கிறது. தோட்டத்துக்குப் போகவும், காங்கேயம் போய்த் திரும்பவும் அதைவிடச் சிக்கனமான, பழுதில்லாத வண்டியை நான் பார்த்ததில்லை.

ஆனால் நம்ம பக்கம் காற்றில்லாத நாள் வருடம் முழுக்கக் கிடைக்காது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே குடியிருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பல்லடத்திலிருந்து உடுமலை போகும் வழியில் இத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கே பார்த்துப் போனால் எதிர்காற்று, தெற்கே போனால் பக்கக்காற்று. 30 கி.மீ. எதிர்காற்றில் 80 வேகத்தில் போகிற வண்டி, காற்றைப் பொறுத்தவரை 110ல் போகிறது. 7 குதிரைத்திறன் கேட்ட இடத்தில் 11 கேட்கும். ஸ்பிளெண்டர் அந்தக் காற்றில் 60க்கு இறங்கிவிடும். கிளாசிக்கில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும். 390க்கு வித்தியாசமே தெரியாது. பக்கக்காற்றில் மட்டும் கதை மாறும். அங்கே சக்தி உதவாது, எடை உதவும். 195 கிலோ கிளாசிக் நிலையாகப் போகிற இடத்தில் 390 ஓரடி நகர்ந்து நகர்ந்து போகும். ஆனி, ஆடியில் மனைவியோடு உடுமலை போக நான் எப்போதும் கிளாசிக்கைத்தான் எடுக்கிறேன்.

அடுத்தது ஓவர்டேக். என் அனுபவத்தில் குதிரைத்திறனுக்குக் காசு கொடுப்பதன் முழு நியாயமும் இங்கேதான் இருக்கிறது. தாராபுரம் சாலை மாதிரி இருவழிச் சாலையில் முன்னால் ஒரு பஸ் 60ல் போகிறது. அதைத் தாண்ட 60லிருந்து 90 வரை போய்த் திரும்ப வேண்டும். 90 சட்டப்படி அதிகம்தான், ஆனால் எதிர்ப்பாதையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதே அங்கே பாதுகாப்பு. இருவர் ஏறிய கிளாசிக், கியரைக் குறைத்து முறுக்கினால், அந்த வேகத்தை எட்ட 7, 8 விநாடி எடுக்கும். 390 அதில் பாதி. ஸ்பிளெண்டர் டபுள்ஸில் அந்த வேகத்தை எட்டவே எட்டாது, அதனால் அதில் போகும்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கும்வரை பின்னாலேயே போவதுதான் சரி.

நான்கு விநாடி சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாம் 80, எதிரே வரும் லாரி 70 என்றால் இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி விநாடிக்கு 40 மீட்டருக்கு மேல் சுருங்குகிறது. நான்கு விநாடி என்பது 160 மீட்டர் சாலை. 8 குதிரைத்திறனிலிருந்து 20க்கு வந்தபோது என்னால் முடியாமல் இருந்த ஒரு காரியம் முடிந்தது. 20லிருந்து 43க்கு வந்தபோது அந்தக் காரியத்தின் நேரம் பாதியானது. இனி 43லிருந்து 100க்குப் போனால் மிச்சமாவது ஒன்றிரண்டு விநாடிதான். அதற்குள் நம் கண்ணும் கையுமே வேகம் போதாமல் நின்றுவிடும். நான் உச்சவரம்பு என்று நினைப்பது இந்தக் கோட்டைத்தான்.

குதிரைத்திறன் எத்தனை என்பதோடு, அது எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஷோரூமில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, 4,000 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது. 390க்கு 37, ஆனால் அது 7,000ல். ஓவர்டேக் செய்ய நினைக்கும் நொடியில் 390 நாலாயிரத்தில் தூங்கிக்கொண்டிருந்தால், இரண்டு கியர் இறக்காமல் அந்த 43 குதிரையும் வெளியே வராது. கிளாசிக்கில் இழுவை எப்போதும் கைக்குப் பக்கத்தில் இருக்கும். நாள் முழுவதும் ஓட்டிக் களைத்த பிறகு, மாலையில் அவினாசி தாண்டி வரும்போது இதன் அருமை தெரியும்.

மலைக்கு நிறையச் சக்தி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. இரண்டு இடத்திலும் 40 கி.மீ.க்கு மேல் போக வளைவு விடாது. இருவரும் வண்டியும் சேர்ந்து 300 கிலோ என்றால், நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் 40ல் ஏற 5 குதிரைத்திறன் போதும். ஸ்பிளெண்டர் அதனால்தான் சத்தம் போட்டுக்கொண்டாவது ஏறிவிடுகிறது. கிளாசிக் மூன்றாவது கியரில் அலட்டாமல் ஏறும். 390ஐ வால்பாறை ரோட்டில் கால்வாசி ஆக்சிலேட்டருக்கு மேல் திருகியதாக எனக்கு ஞாபகம் இல்லை. மழை பெய்து தேயிலை எஸ்டேட் மண் வளைவில் வழிந்திருக்கும் நாளில் அந்தக் கால்வாசியும் அதிகம். இறங்கும்போது வேலை முழுவதும் பிரேக்குக்கும் கியருக்கும்தான்.

அப்படியானால் 390ன் 43 குதிரையும் எங்கே ஓடியது? முழுசாக ஓடியது செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். சுமார் இரண்டு கிலோமீட்டர் டிராக், எதிரே லாரி கிடையாது, நாய் கிடையாது. அங்கே அந்த இன்ஜின் ஒன்பதாயிரத்தில் பாடுவதைக் கேட்டவர்களுக்கு அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று புரியும். எனக்கு அந்த வண்டி மேல் உள்ள பிரியம் குறையவே இல்லை. ஆனால் அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தை டிராக் மாதிரி நினைத்துத் திருகுகிற பையன்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. சராசரி பிரேக்கில் 80லிருந்து நிற்க, நாம் சுதாரிக்கும் ஒரு விநாடியும் சேர்த்து, ஏறக்குறைய 58 மீட்டர் வேண்டும். 100லிருந்து என்றால் 84. இன்ஜினில் எத்தனை குதிரை இருந்தாலும் இந்தத் தூரம் குறையாது.

நண்பர் ஒருவரின் இன்டர்செப்டர் 650ஐ மாற்றிக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினேன். 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர், 200 கிலோவுக்கு மேல். 390ன் மிச்ச சக்தியும் கிளாசிக்கின் இழுவையும் ஒரே வண்டியில். ஐரோப்பாவில் இடைநிலை உரிமமான ஏ2 வைத்திருப்பவர்கள் 35 கிலோவாட் வரைதான் ஓட்டலாம், அதுவும் இதே 47 குதிரைத்திறன்தான். அந்த ஊர் நெடுஞ்சாலைகளுக்கே அது இடைநிலைக்காரரின் எல்லை என்றாலும், நம்ம சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் அதற்கு மேல் தேவைப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நண்பர் தன் மனைவியோடு அடிக்கடி பெங்களூரு போய் வருபவர், அவருக்குப் பொருத்தமான வண்டி. லட்சுமி மில்ஸ் சிக்னலில் சித்திரை வெயிலில் நிற்கும் எனக்கு அவ்வளவு எடையும் அவ்வளவு பெரிய இன்ஜினின் சூடும் வேண்டாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் தனியாகப் போவதற்கு 8 முதல் 15 போதும். மனைவியோடு, இருவழிச் சாலையில், ஆடிக் காற்றிலும் நிம்மதியாகப் போக 20க்குக் குறையாமல் எடுங்கள். அதுவும் 5,000 ஆர்பிஎம்முக்குள் நல்ல இழுவை உள்ளதாக. ஒரே பைக்தான் வைத்துக்கொள்ள முடியும், மாதா மாதம் நெடுந்தூரம் உண்டு என்றால் 25 முதல் 40 வரை. அதற்கு மேல் செலவழிக்கக் காசிருந்தால் நல்ல டயர், நல்ல ஹெல்மெட், ஜாக்கெட் என்று போடுங்கள். 125 சிசிக்கு மேல் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) 2019லிருந்தே கட்டாயம் என்றாலும், பின்சக்கரத்திலும் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் ரைடு போனால் ஷோரூம் தெருவை மட்டும் சுற்றிவிட்டு வராதீர்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் ஏற்றிக்கொண்டு பைபாஸ் பக்கம் போய், நான்காவது கியரில் 60ல் போகும்போது கியர் மாற்றாமல் முறுக்கி, 80 வர எத்தனை நேரமாகிறது என்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். பிறகு ஒரு கியர் இறக்கி அதையே இன்னொரு தடவை. அந்த இரண்டு நேரமும் உங்களுக்குத் திருப்தி என்றால் அந்த வண்டியின் குதிரைத்திறன் உங்களுக்குப் போதும்.