36 வயதில் பல்லுக்குக் கம்பி: கண்டிக்குப் போய்வந்த 22 மாதங்கள்

மேல் முன்பற்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றதால், 36 வயது வரை வாயைப் பொத்தித்தான் சிரித்தேன். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர் வேலை. கண்டியில் ஒரு தனியார் பல் நிலையத்தில் 22 மாதம் கம்பி போட்டிருந்து, இந்த வைகாசியில்தான் கழற்றினேன். இந்த வயதில் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்.

தாராளமாகப் போடலாம். பல்லின் முரசும் எலும்பும் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் பற்சீரமைப்புப் பிரிவு இருக்கிறது. பாடசாலை நாட்களில் என்னால் போக முடியாது, அதனால் சனிக்கிழமை பார்க்கும் தனியார் இடத்தைத் தேடினேன்.

எக்ஸ்ரே எடுத்து, பல் அச்சு எடுத்து, முரசையும் சுத்தம் செய்த பிறகுதான் டொக்டர் கம்பிப் பேச்சையே எடுத்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, மெல்லிய கருவியின் நுனியால் ஏறுபல்லைத் தொட்டுக் காட்டினார். கம்பளையிலிருந்து வரும் நர்ஸ் தங்கச்சி தமிழில் சொன்னார்: "பல்லு நேரானதும் இந்த ரெண்டுக்கும் நடுவுல, முரசுகிட்ட சின்னதா ஒரு கறுப்பு இடைவெளி தெரியலாம் அக்கா. சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவா வராது, பெரியவங்களுக்குத்தான் வரும். உங்களுக்குச் சம்மதமா?"

14ஆவது மாதத்தில் அது வந்தேவிட்டது, குருணை அளவில் ஒரு முக்கோணம். வீட்டில் பதறினார்கள். எனக்குப் பதற்றமே இல்லை, முன்பே சொல்லிவிட்டார்களே! பல்லின் ஓரத்தைக் கொஞ்சம் உரசி அதையும் டொக்டர் குறைத்துத் தந்தார். அந்தப் பல் நிலையத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

கம்பியை முறுக்கினால் இரண்டு மூன்று நாள் வலிக்கும். அம்மா தேங்காய் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் ஊறவைத்துத் தருவார். கம்பி நுனி கன்னத்தைக் குத்தினால், அவர்கள் தரும் மெழுகை உருட்டி அதன் மேல் அப்பிக்கொள்ளலாம். அப்புறம், கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் கிளிப்பைப் பல் நிறத்தில் கேட்பவர்கள் கவனியுங்கள்: அதில் மாட்டும் நிறமில்லாத ரப்பர் வளையம் மஞ்சள் போட்ட கறியிலும் பிளேன்டீயிலும் சில நாளிலேயே மஞ்சளாகிவிடும். நான் பிறகு சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டேன்.

மனம் கசந்தது ஒரு சனிக்கிழமைதான். மகனை அக்கா வீட்டில் விட்டு, விடிய 5 மணி பஸ் ஏறி, கினிகத்தேனை வளைவுகளில் தலை சுற்றி, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் போய் இறங்கினால், டொக்டர் கொழும்புக்குப் போய்விட்டாராம். முதல் நாளே ஒரு மெசேஜ் போட்டிருக்கக் கூடாதா? பல்லில் என்ன நடக்கும் என்று அவ்வளவு பக்குவமாகச் சொன்ன இடம், டொக்டர் வரமாட்டார் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த திகதிக்கு இன்னும் 3 வாரம் காத்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

காசைத் தவணையாகக் கட்டவிட்டது பெரிய உதவி. கழற்றியதும், பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் தந்தார்கள். இப்போது சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுவதும் போடுகிறேன், பிறகு இரவில் மட்டும், அதுவும் வருடக்கணக்கில். விட்டால் பல் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும். இதையும் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து கண்டிக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை பின்னேரமே போன் எடுத்து, டொக்டர் வருகிறாரா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.