நூற்றுப் பத்துக் கிலோவும் உப்புக் காற்றும்: கிளிப்லெஸ் பெடலோடு மூன்று வருடம்

என் எடை இப்போது 110 கிலோ. மூன்று வருடத்துக்கு முன் சைக்கிளுக்கு முதல் கிளிப்லெஸ் பெடலை வாங்கியபோது 118. ஊர் உச்சிப்புளி. வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் மண்டபம் வரை போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமை பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரம், காற்று இடம் கொடுத்தால் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை. இதற்குள் மூன்று ஜோடி பெடலும் இரண்டு ஜோடி ஷூவும் வாங்கியாகிவிட்டது. கனத்த உடம்புக்காரர்கள் யாரும் அந்தச் செலவைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிப் இல்லை என்று பேர், ஆனால் ஷூ பெடலில் மாட்டிக்கொள்ளும். அந்தக் காலத்துப் பெடல்களில் கால்விரலைப் பிடிக்க ஒரு கூடும் வாரும் இருந்தன, அதைத்தான் டோ கிளிப் என்றார்கள். அது போனதால் கிளிப்லெஸ். ஷூவின் அடியில் திருகியிருக்கும் கிளீட் என்ற சின்னத் துண்டு, பெடல் ஸ்பிரிங்கில் டக்கென்று உட்காரும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும்.

நான் செய்த முதல் தப்பு, பெடலை வாங்கி வைத்துக்கொண்டு ஷூ தேடியது. முதலில் ஷூ, அப்புறம்தான் பெடல். எடை கூடியவர்களுக்குப் பாதமும் அகலமாக இருக்கும், வெயில் ஏற ஏற இன்னும் வீங்கும். எனக்கு நீளப்படி 43 போதும். அகலம் பற்றவில்லை என்று கடையில் 45 கொடுத்தார்கள். முன்னால் இரண்டு விரல் இடம் காலி, பக்கவாட்டில் அப்போதும் இறுக்கம். கிளீட் இருக்க வேண்டிய இடமும் தள்ளிப்போனது. தங்கச்சிமடம் தாண்டுவதற்குள் சுண்டுவிரல் மரத்துவிடும். அளவைக் கூட்டுவது இதற்கு வழியே இல்லை. அதே அளவில் 'வைட்' என்று தனியாகச் செய்கிறார்கள், ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியில் சில மாடல்களுக்கு அது கிடைக்கிறது. சாயங்காலம், நாள் முழுக்க நடந்த காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அகலத்தை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் இரண்டாவது ஷூவை அப்படித்தான் வாங்கினேன், மரத்துப்போவது நின்றது.

அடுத்தது சோல். கிளீட் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். 110 கிலோ ஆள் எழுந்து நின்று மிதிக்கும்போது அத்தனை பாரமும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். சோல் வளைந்தால் பாதத்தின் பந்து போன்ற பகுதியில் தீக்கங்கு வைத்ததுபோல் எரியும். ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள், சுலபமாக மடங்கினால் கீழே வைத்துவிடுங்கள். அதற்காகக் கார்பன் சோல் வரை போக வேண்டியதில்லை. கெட்டியான நைலான் சோலே எனக்குப் போதுமாக இருக்கிறது, கீழே இறங்கி நடக்கவும் தோது. கிளீட்டைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் நகர்த்தியதும் மிச்சமிருந்த எரிச்சலும் குறைந்தது.

இனி பெடல். முதல் ஜோடி மலிவு விலைச் சரக்கு, கம்பெனி பெயர் வேண்டாம். ஐந்தாவது மாதத்தில் பெடலைப் பிடித்து ஆட்டினால் கடக் கடக் என்றது, பேரிங் போய்விட்டிருந்தது. எடை அதிகமுள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அச்சு. குரோம்-மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகு அச்சு என்றால் நம்பி வாங்கலாம். டைட்டானியம் அச்சு உள்ள சில விலையுயர்ந்த பெடல்களுக்கு 80, 90 கிலோ அளவில் எடை வரம்பு உண்டு. ஐம்பது கிராம் குறைகிறது என்று அதன் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவது ஜோடி, ரோடு பைக்குக்கான மூன்று திருகு வகை, அதாவது கிளீட்டை ஷூவில் மூன்று திருகால் மாட்டுவது. மிதிக்கும்போது சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். பாதம் முழுக்கப் பலகைமேல் நிற்பதுபோல் இருக்கும். ஆனால் அதன் கிளீட் பிளாஸ்டிக். அரிச்சல்முனையில் சாலைமேலே மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் இறங்கி நடந்தாலும், பாம்பனில் டீக்கடை வரை நடந்தாலும் அது தேய்ந்துகொண்டே வரும். கனத்த ஆள் நடந்தால் இன்னும் வேகமாகத் தேயும். ஐந்து மாதத்தில் இரண்டு ஜோடி கிளீட் மாற்றிவிட்டு அந்த முறையையே விட்டுவிட்டேன். நடக்கவே தேவையில்லாத சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு அது நல்ல பெடல்தான்.

இப்போது இருப்பது ஷிமானோ எம்530. எஸ்பிடி என்று ஷிமானோ பெயர் வைத்திருக்கும் இரண்டு திருகு வகை, உலோகக் கிளீட், சுற்றிலும் அலுமினியச் சட்டம். இரண்டு வருடம் தாண்டியும் அச்சில் ஆட்டம் இல்லை. கிளீட் ஷூவின் பள்ளத்துக்குள் இருப்பதால் நடக்கலாம். ராமேஸ்வரம் சந்நிதித் தெருக் கூட்டத்தில் மாட்டாமலே அந்தச் சட்டத்தின்மேல் கால் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இஎச்500 இன்னும் ஏற்றது என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் சாதாரணப் பெடல்.

கிளீட்டிலும் இரண்டு ரகம். எஸ்எச்56 பல பக்கமும் விடுபடும், பழகுகிறவர்களுக்கு நல்லது. ஆனால் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று இழுத்தபோது எனக்குத் தானாகவே கழன்றது. கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும் மாதத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி வேன்கள் நிற்கும் பாலத்தில், அது ஆபத்து. பழகியதும் பக்கவாட்டில் மட்டும் விடுபடும் எஸ்எச்51-க்கு மாறிவிட்டேன். ஸ்பிரிங்கை மட்டும் குறைந்த இறுக்கத்தில் வைத்திருக்கிறேன்.

முட்டி வலி உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தொடை பெருத்தவர்களுக்குப் பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். கிளீட்டையும் அந்தக் கோணத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும், நேராக வைத்தால் முட்டிதான் கஷ்டப்படும். கிளீட்டைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்தினால் பாதம் கிராங்கைவிட்டு (பெடல் மாட்டியிருக்கும் கையைவிட்டு) விலகி நிற்கும், தொடைக்கும் இடம் கிடைக்கும். எனக்கு அதிலேயே முட்டி வலி அடங்கியது.

ஒரே ஒரு முறை மோசமாக விழுந்தேன், அதுவும் என் கவனக்குறைவால். பாலம் இறங்கிப் பாம்பன் ஊருக்குள் நுழையும்போது ஆடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்து இடது குதிகாலைத் திருப்பினேன். ஷூ திரும்பியது, கிளீட் திரும்பவில்லை. இரண்டு திருகில் ஒன்று எங்கோ கழன்று விழுந்திருந்தது, மிச்சமிருந்த ஒற்றைத் திருகில் கிளீட் சும்மா சுழன்றது. அப்படியே இடப்பக்கம் சாய்ந்து முழங்கை தரையில் உரசியது. விழுந்த பிறகும் கால் பெடலைவிட்டு வரவில்லை. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல ஷூவக் கழட்டுப்பா தம்பி, காலு தானா வந்துரும்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. வாரை அவிழ்த்துக் காலை உருவிக்கொண்டேன், ஷூ பெடலிலேயே தொங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புமுன் நாலு எம்எம் அலன் கீயால் நாலு திருகையும் தொட்டுப் பார்க்கிறேன். இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். திருகில் கிரீஸ் தடவாமல் மாட்டவே மாட்டாதீர்கள். இந்தக் கரையில் மூன்று மாதம் விட்டால் துரு ஏறித் திருகின் தலைக்குழி மழுங்கிவிடும், அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். பெடலைக் கிராங்கில் மாட்டும்போதும் அப்படித்தான். இடது பெடலுக்கு மறை எதிர்ப்பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மணலுக்குத் தென்னை ஈர்க்கு ஒன்றைச் சைக்கிள் இருக்கைக்கு அடியில் உள்ள பையில் வைத்திருக்கிறேன். அரிச்சல்முனையில் சைக்கிள் ஏறுமுன் கிளீட்டின் பள்ளத்தைக் கிளறிவிட்டால்தான் மாட்டும், அதைவிட முக்கியமாக, கழலும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஒரு சொம்பு. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்தபின் இரண்டு சொட்டு எண்ணெய். பிரஷ்ஷர் பம்ப் கொண்டு அடிக்காதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். ஷூவின் வெல்க்ரோவிலும் மணல் ஏறிப் பிடிமானம் குறையும், அதற்கும் அதே பிரஷ்தான்.

இப்போது போட்டிருக்கும் கிளீட்டின் மூக்கு தேய்ந்து வருகிறது, மாட்டும் சத்தம் முன்போல் கணீரென்று இல்லை. புது ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். வாடை தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும்.