தறிக்கூடத்தில் ஓர் ஈரக்குமிழ் வெப்பமானி

வேலூரில் ஒரு கடையில் வாங்கிய ஈரக்குமிழ் வெப்பமானியைக் குடியாத்தத்தில் எங்கள் தறிக்கூடத்தின் தகரக் கூரையின்கீழ் கத்திரி வெயில் முழுவதும் மாட்டி வைத்திருந்தேன். குமிழைச் சுற்றி நனைந்த திரித்துணி கட்டிய இந்த மானி, அத்துணியின் நீர் ஆவியாகிக் குளிர்ந்தபின் எஞ்சும் வெப்பத்தைக் காட்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, உடலும் குளிராது என்பதால், சூட்டை மட்டும் காட்டும் சாதாரண மானியைவிட இதுவே எங்களுக்குப் பொருத்தமானது. ஈரக்குமிழ் அளவில் 35 டிகிரி செல்சியஸே மனித உடல் தாங்கும் எல்லை என்று 2010-இல் ஆய்வாளர்கள் கணித்தனர். ஆனால் 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் உடல்நலமுள்ள இளைஞர்களைச் சோதித்தபோது, ஈரம் மிகுந்த சூழலில் ஏறத்தாழ 31 டிகிரியிலேயே அவர்களின் உடல் வெப்பம் கட்டுக்குள் நில்லாமல் ஏறத் தொடங்கியது. இளைஞர்களுக்கே இப்படியென்றால், எங்கள் தறியில் அமரும் முதியவர்களை நினைத்து நெஞ்சு பதறுகிறது. இந்த மானியில் எண்கள் மங்கலாக அச்சாகியிருப்பது பெருங்குறை. திரித்துணியும் விரைவில் அழுக்காகிறது. எனினும், ஈரக்குமிழ் 28-ஐத் தொட்ட பிற்பகல்களில் தறிகளை நிறுத்தி, அனைவருக்கும் மோர் கொடுக்க இக்கருவியே எங்களைத் தூண்டியது.